புகைபோக்கியை எங்கே நடுகிறார்கள்?

கேள்வி இதுதான்: "அமெரிக்காவில் சுற்றுச்சூழல் அமைப்புகள் எல்லாம் நிறவெறி, இன நீதி என்று பேசுகின்றன. காற்றும் தண்ணீரும் எல்லாருக்கும் பொதுதானே? காட்டையும் ஆற்றையும் காப்பாற்றும் வேலையில் இதை எதற்குக் கொண்டுவந்து கலக்கிறார்கள்?"

காற்று பொதுதான், சரி. ஆனால் புகைபோக்கியை எங்கேயாவது ஓரிடத்தில் நட்டாக வேண்டும். குப்பைக் கிடங்கும் அப்படித்தான், யாரோ ஒருவர் வீட்டுக்குப் பக்கத்தில்தான் வரும். யார் வீடு என்பதைச் சிலர் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து முடிவு செய்கிறார்கள். அந்த மேஜையில் யாருக்கு நாற்காலி இருந்தது, யார் 'வேண்டாம்' என்று சொன்னால் காதில் விழும், யார் சொன்னால் விழாது என்பதுதான் இந்த இரண்டு விஷயமும் முட்டிக்கொள்ளும் இடம்.

பொதுவாகப் பேசினால் இது கோஷம் போலத் தெரியும். அதனால் ஒரு ஊரின் கதையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

1978 கோடைக்காலம், வட கரோலினா மாநிலம். ராத்திரி நேரத்தில் ஒரு டேங்கர் லாரி குழாயைத் திறந்துவிட்டபடி சாலையோரமாக ஊர்ந்து போனது. உள்ளே இருந்தது பழைய டிரான்ஸ்ஃபார்மர்களில் இருந்து எடுத்த எண்ணெய். அதில் பிசிபி என்ற ரசாயனம் கலந்திருந்தது. மண்ணில் சேர்ந்தால் எளிதில் சிதையாது, உடம்பில் போனால் கொழுப்பில் தங்கிவிடும், புற்றுநோய் உண்டாக்கும். 1976இல் வந்த சட்டம் இதன் உற்பத்திக்குத் தடை போட்டதோடு, மிச்சமிருப்பதைப் பத்திரமாக அழிக்கவும் விதிகள் வரவைத்தது. முறைப்படி அழிப்பதற்குக் காசு அதிகம் பிடிக்கும். அந்தச் செலவை மிச்சம் பிடிக்க, சுமார் 31,000 கேலன் எண்ணெயை, 14 கவுன்டிகளில், 200 மைலுக்கு மேல் சாலையோரமாகவே ஊற்றிவிட்டார்கள். (கவுன்டி என்பதை நம்ம ஊர் மாவட்டம் என்று வைத்துக்கொள்ளலாம், அளவில் சிறியது.) செய்தவர்கள் பிடிபட்டார்கள், தண்டனையும் கிடைத்தது. ஆனால் விஷம் ஏறிய சாலையோர மண்ணை வழித்தெடுத்து எங்கேயாவது புதைக்க வேண்டுமே?

மாநில அரசு தேர்ந்தெடுத்த இடம் வாரன் கவுன்டியில் அஃப்டன் என்ற கிராமப்புறம். பணக்கஷ்டத்தில் இருந்த ஒரு குடும்பம் விற்ற பண்ணை நிலம். மாநிலத்திலேயே கறுப்பின மக்கள் மிக அதிக விகிதத்தில் வாழ்ந்த கவுன்டிகளில் ஒன்று அது, மிக ஏழ்மையான கவுன்டிகளில் ஒன்றும்கூட. நிலத்தடி நீர் அங்கே மேலாகவே இருந்தது. நச்சுக் கிடங்கின் அடிமட்டத்துக்கும் நிலத்தடி நீருக்கும் 50 அடி இடைவெளி வேண்டும் என்பது மத்திய அரசின் விதி. அஃப்டனில் அந்த இடைவெளி சில அடிகள்தான். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை என்ன செய்தது தெரியுமா? விதியைத் தளர்த்திக் கொடுத்தது. சுற்றியிருந்த குடும்பங்கள் குடித்ததோ கிணற்றுத் தண்ணீர்.

இங்கே ஒரு விஷயத்தை எல்லாரும் சுருக்கிச் சொல்லிவிடுவார்கள். முதலில் எதிர்த்தவர்களில் கென் ஃபெருசியோ, டெபோரா ஃபெருசியோ என்ற வெள்ளையினத் தம்பதியும், அவர்களைப் போன்ற உள்ளூர் நிலக்காரர்களும் இருந்தார்கள். மண்ணின் தன்மை, நீர்மட்டம் என்று அறிவியல் பேசினார்கள், கோர்ட்டுக்குப் போனார்கள். சுமார் மூன்று வருஷம் இழுத்தது, தோற்றார்கள். அதற்குப் பிறகுதான் கறுப்பினத் தேவாலயங்களும் குடிமை உரிமை இயக்கத்துப் பழைய ஆட்களும் களத்துக்கு வந்தார்கள். அவர்கள் கேட்ட கேள்வியே வேறு. "இந்த மண் பொருத்தமானதா?" என்பதை விட்டுவிட்டு, "பொருத்தமே இல்லாத இந்த மண்ணை ஏன் பிடித்தீர்கள்?" என்று கேட்டார்கள்.

1982 செப்டம்பர் 15 அன்று லாரிகள் வரத் தொடங்கின. கோலி ஸ்பிரிங்ஸ் பாப்டிஸ்ட் தேவாலயத்தில் கூடி, அங்கிருந்து கிடங்கு வரை நடந்து, சாலையில் படுத்து மறித்தார்கள். ஆறு வாரத்துக்கு மேல் நீடித்தது. 500க்கும் அதிகமான கைதுகள். டாலி பர்வெல் என்ற உள்ளூர்ப் பெண்மணி முன்னணியில் நின்றார், அவருடைய சின்ன மகளும் போராட்டத்தில் கைதானாள். ஒரு குப்பைக் கிடங்கைத் தடுக்க இத்தனை பேர் சிறைக்குப் போனது அமெரிக்காவில் அதுவே முதல் முறை என்பார்கள். ஆனாலும் 6,000க்கும் மேற்பட்ட லாரி மண் உள்ளே போய்ச் சேர்ந்தது. கிடங்கைத் தடுக்க முடியவில்லை.

கைதானவர்களில் இரண்டு பேரை இங்கே குறிப்பிட வேண்டும். ஒருவர் பென் சாவிஸ். 'வில்மிங்டன் பத்துப் பேர்' வழக்கில் அநியாயமாகப் பல வருஷம் சிறையில் இருந்தவர், அந்தத் தீர்ப்பு 1980இல் ரத்தானது. 'சூழல் நிறவெறி' என்று நாம் இப்போது சொல்லும் சொற்றொடரை உருவாக்கியவர் என்று அவரைத்தான் சொல்வார்கள். இன்னொருவர் வால்டர் ஃபான்ட்ராய், தலைநகர் வாஷிங்டனின் பிரதிநிதியாக நாடாளுமன்றத்தில் இருந்தவர். அவர் ஊருக்குத் திரும்பியதும், நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பிடம் ஒரு கணக்கு எடுக்கச் சொன்னார்: தென்கிழக்கின் எட்டு மாநிலங்களில் பெரிய நச்சுக் கழிவுக் கிடங்குகள் எங்கெங்கே இருக்கின்றன? 1983இல் பதில் வந்தது. நான்கு கிடங்குகள். அவற்றில் மூன்று கறுப்பினப் பெரும்பான்மைப் பகுதிகளில். அந்த எட்டு மாநிலங்களில் கறுப்பின மக்கள் மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குதான்.

நான்கில் மூன்று என்பது சின்ன எண்ணிக்கை, தற்செயல் என்று தள்ளலாம். அதனால் ஐக்கிய கிறிஸ்து சபையின் இன நீதி ஆணையம் நாடு முழுக்கக் கணக்கெடுத்து 1987இல் அறிக்கை வெளியிட்டது. சார்லஸ் லீ என்பவர் அந்த ஆய்வை நடத்தினார். நாட்டில் வணிக ரீதியாக இயங்கிய நச்சுக் கழிவு மையங்களை அஞ்சல் குறியீட்டு எண் வாரியாகப் பிரித்துப் பார்த்தார்கள். மையமே இல்லாத பகுதிகளில் சிறுபான்மையினர் சராசரி 12 சதவீதம். ஒரு மையம் இருந்த பகுதிகளில் 24. இரண்டோ அதற்கு மேலோ மையங்கள், அல்லது நாட்டின் மிகப் பெரிய ஐந்து கிடங்குகளில் ஒன்று இருந்த பகுதிகளில் 38. வருமானம், வீட்டு விலை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தாலும், கழிவு எங்கே இருக்கும் என்பதைச் சரியாக ஊகிக்க மிகவும் உதவியது நிறம்தான். இருபது வருஷம் கழித்து 2007இல் இன்னும் துல்லியமான முறையில் திரும்பவும் பார்த்தார்கள். மையங்களைச் சுற்றி 3 கிலோமீட்டருக்குள் வாழ்ந்தவர்களில் 56 சதவீதம் பேர் வெள்ளையர் அல்லாதவர்கள், மற்ற இடங்களில் 30 சதவீதம்.

வாரன் கவுன்டியில்தான் எல்லாம் தொடங்கியது என்று எழுதுவது வழக்கம். எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. 1968 பிப்ரவரி 1, மெம்ஃபிஸ் நகரம். மழைக்கு ஒதுங்க இரண்டு கறுப்பினத் துப்புரவுத் தொழிலாளர்கள் குப்பை லாரியின் பின்பக்கம் ஏறினார்கள். பழுதான அழுத்து இயந்திரம் திடீரென்று ஓட, நசுங்கிச் செத்தார்கள். சுமார் 1,300 துப்புரவுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அந்தப் போராட்டத்துக்குத் துணை நிற்கத்தான் மார்ட்டின் லூதர் கிங் மெம்ஃபிஸ் போனார், ஏப்ரல் 4 அன்று அங்கேயே சுட்டுக் கொல்லப்பட்டார். கிங்கின் கடைசிப் போராட்டம் குப்பை அள்ளியவர்களின் போராட்டம். அதை யாரும் அப்போது சுற்றுச்சூழல் என்ற தலைப்பில் போடவில்லை, அவ்வளவுதான்.

கலிபோர்னியாவின் திராட்சைத் தோட்டங்களிலும் இதே கதை. மெக்சிகோ, பிலிப்பைன்ஸ் வம்சாவளித் தொழிலாளர்கள் 1965இல் தொடங்கிய வேலைநிறுத்தம் 1970இல் ஒப்பந்தத்தில் முடிந்தது. கூலி உயர்வோடு, டிடிடி என்ற பூச்சிமருந்தைத் தெளிக்கக் கூடாது என்பதும் அதில் ஒரு நிபந்தனை. மத்திய அரசு டிடிடியைத் தடை செய்தது 1972இல். டிடிடியால் பருந்தின் முட்டை ஓடு மெலிந்த கதையை எல்லாரும் படித்திருக்கிறோம். பூச்சிமருந்து நேராகத் தன் முகத்தில் அடிக்கப்பட்ட தொழிலாளி இரண்டு வருஷம் முன்னாலேயே அதை நிறுத்த வைத்ததை ஏனோ அவ்வளவாகச் சொல்வதில்லை.

இனி, நியாயமாக எழும் எதிர்க் கேள்விக்கு வருகிறேன். "இது நிறப் பிரச்சினையா, ஏழ்மைப் பிரச்சினையா? நிலம் மலிவாக இருக்கும் இடத்தில் ஆலை வருகிறது, மலிவான இடத்தில் ஏழைகள் இருக்கிறார்கள், ஏழைகளில் கறுப்பினத்தவர் அதிகம். இதில் வெறி எங்கே?"

நல்ல கேள்விதான். ஏழை வெள்ளையர்களும் அடிபட்டிருக்கிறார்கள், அப்பலாச்சிய மலையின் நிலக்கரி ஊர்களைப் பார்த்தால் தெரியும். ஆனால் கணக்கு ஏழ்மையோடு நின்றுவிடுவதில்லை. 2008இல் வெளியான ஓர் ஆய்வின்படி, வருஷத்துக்கு 50,000 முதல் 60,000 டாலர் சம்பாதிக்கும் கறுப்பினக் குடும்பம் சராசரியாக வாழும் பகுதி, 10,000 டாலருக்கும் கீழே சம்பாதிக்கும் வெள்ளையினக் குடும்பம் வாழும் பகுதியைவிட அதிகம் மாசுபட்டது. ஐந்து மடங்குக்கு மேல் சம்பாதித்தும் நல்ல காற்று வாங்க முடியவில்லை என்றால், விலை மட்டும் காரணமாக இருக்க முடியாது.

காரணத்தைத் தேடினால் 1930களின் வரைபடங்களில் போய் நிற்போம். பொருளாதார மந்தத்தின்போது வீட்டுக் கடன்களைக் காப்பாற்ற அமைத்த அரசு நிறுவனம், நகரங்களைப் பகுதி பகுதியாகத் தரம் பிரித்து வண்ணம் பூசியது. பச்சை என்றால் கடன் கொடுக்கலாம், சிவப்பு என்றால் ஆபத்து. கறுப்பின மக்கள் வாழ்ந்த தெருக்கள் ஏறக்குறைய எல்லாமே சிவப்பு. கையில் காசு இருந்தாலும் சிவப்புக் கோட்டுக்கு வெளியே வீடு வாங்க விடவில்லை, உள்ளே வாங்கக் கடன் தரவில்லை. ஊர், சேரி என்ற பிரிவைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதை விளக்க ரொம்ப மெனக்கெட வேண்டியதில்லை. அப்புறம் நெடுஞ்சாலை போட, கிடங்கு கட்ட, ஆலை வைக்க நகராட்சிக்கு இடம் தேவைப்பட்டபோது அந்தச் சிவப்புப் பகுதிகள்தான் கண்ணில் பட்டன. மரம் நடவும் பூங்கா அமைக்கவும் பச்சைப் பகுதிகள். 2020இல் 108 நகர்ப்புறங்களை எடுத்து ஆராய்ந்தார்கள். அன்று சிவப்பு பூசிய பகுதிகள் இன்றும் மற்ற பகுதிகளைவிடச் சராசரியாக 2.6 டிகிரி செல்சியஸ் அதிகம் சூடாக இருக்கின்றன, சில நகரங்களில் வித்தியாசம் 7 டிகிரி வரை. வரைபடம் போட்டவர்கள் எல்லாரும் இறந்து மண்ணாகிவிட்டார்கள், வெயில் மட்டும் இன்னும் அவர்கள் போட்ட கோட்டின்படி அடிக்கிறது.

இன்னொரு ஆவணத்தையும் சொல்ல வேண்டும். குப்பை எரி உலை வைத்தால் எங்கே எதிர்ப்புக் குறைவாக இருக்கும் என்று கேட்டு, கலிபோர்னியா மாநிலக் கழிவு வாரியம் ஓர் ஆலோசனை நிறுவனத்திடம் அறிக்கை வாங்கியது. 1984இல் அறிக்கை வந்தது. வருமானம் குறைந்தவர்கள், அதிகம் படிக்காதவர்கள், வயதானவர்கள், கத்தோலிக்கர்கள் உள்ள ஊர்களில் எதிர்ப்பு குறைவு, நடுத்தர மற்றும் மேல்தட்டுப் பகுதிகளைத் தவிர்ப்பது நல்லது என்றது. நிறம் என்ற சொல் தேவையே படவில்லை. கலிபோர்னியாவில் ஏழை, அதிகம் படிக்காதவன், கத்தோலிக்கன் என்று வரிசையாகச் சொன்னால் யார் வந்து நிற்பார் என்று அங்கே எல்லாருக்கும் தெரியும்: லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர்.

அதே கலிபோர்னியாவில் கெட்டில்மன் சிட்டி என்ற சின்ன ஊர். பெயரில்தான் சிட்டி. லத்தீன் அமெரிக்க வம்சாவளி விவசாயக் கூலிகளின் ஊர். ஏற்கெனவே பெரிய நச்சுக் கிடங்கு ஒன்று அங்கே இருந்தது, பக்கத்தில் எரி உலையும் வைக்கப் பார்த்தார்கள். ஊரில் 40 சதவீதம் பேருக்கு ஸ்பானிஷ் மட்டும்தான் தெரியும். நூற்றுக்கணக்கான பக்கங்களில் இருந்த சுற்றுச்சூழல் அறிக்கை இங்கிலீஷில் மட்டும். மக்கள் வழக்குப் போட்டார்கள். 1991இல் நீதிபதி, படிக்கவே முடியாத மொழியில் அறிக்கை கொடுத்துவிட்டு மக்கள் கருத்து கேட்டோம் என்று சொல்ல முடியாது என்ற தர்க்கத்தில் அனுமதியை நிறுத்தினார். 1993இல் நிறுவனம் திட்டத்தையே கைவிட்டது. மொழிபெயர்ப்பு என்ற எளிய விஷயம் ஓர் எரி உலையை நிறுத்தியதை நினைத்தால் எனக்கு இன்றும் சந்தோஷம்தான்.

"ஆலை முதலில் வந்தது, பிறகுதான் மலிவான வாடகை தேடி மக்கள் வந்தார்கள்" என்றும் ஒரு வாதம் உண்டு. சில இடங்களில் அது உண்மை. பால் மொஹாய், ராபின் சாஹா என்ற இருவர் பல பத்தாண்டுகளின் தரவை எடுத்து 2015இல் சோதித்தார்கள். நச்சுக் கழிவு மையங்களில் பெரும்போக்கு எதிர்த் திசையில் இருந்தது. ஏற்கெனவே சிறுபான்மையினர் இருந்த, வெள்ளையர் வெளியேறிக்கொண்டிருந்த பகுதிகளைத் தேடித்தான் மையங்கள் போயிருந்தன.

லூசியானாவில் இதை வரலாறே வரைந்து காட்டுகிறது. பேட்டன் ரூஜ் முதல் நியூ ஆர்லியன்ஸ் வரை மிசிசிப்பி ஆற்றங்கரையில் சுமார் 85 மைலில் 150 அளவுக்கு ரசாயன, எண்ணெய் ஆலைகள். 'புற்றுநோய்ச் சந்து' என்றே பெயராகிவிட்டது. இந்த நிலமெல்லாம் ஒரு காலத்தில் அடிமைகள் உழைத்த கரும்புத் தோட்டங்கள். விடுதலைக்குப் பிறகு அந்த மக்கள் தோட்டத்தின் ஓரத்தில் கிடைத்த துண்டு நிலத்தில் குடியேறி ஊர் அமைத்தார்கள். இருபதாம் நூற்றாண்டில் பெரிய நிலம், ஒரே உரிமையாளர், பக்கத்தில் கப்பல் வரும் ஆறு என்று கம்பெனிகள் அந்தத் தோட்டங்களை வாங்கின. தோட்டம் ஆலையானது, வேலிக்கு அப்பால் இருந்தவர்கள் அதே குடும்பங்களின் பேரப்பிள்ளைகள். ரிசர்வ் என்ற ஊரில் செயற்கை ரப்பர் ஆலையில் இருந்து வந்த குளோரோபிரீன் வாயுவால் புற்றுநோய் ஆபத்து நாட்டுச் சராசரியைப் போல சுமார் 50 மடங்கு என்று மத்திய அரசின் மதிப்பீடே சொன்னது. ஆலைக்கு அரைக் கிலோமீட்டருக்குள் ஒரு தொடக்கப் பள்ளியும் அப்போது இருந்தது. பக்கத்து செயின்ட் ஜேம்ஸ் பகுதியில் ஷரோன் லவீன் என்ற ஓய்வுபெற்ற ஆசிரியை, 2018இல் தன் வீட்டில் பத்துப் பேரைக் கூட்டி ஓர் அமைப்பைத் தொடங்கினார். மறு வருஷம், 125 கோடி டாலர் மதிப்பில் வரவிருந்த ஒரு பிளாஸ்டிக் மூலப்பொருள் ஆலைத் திட்டம் வாபஸ் ஆனது.

மிச்சிகன் மாநிலத்தின் ஃபிளின்ட் நகரத்துக் கதை பலருக்கும் தெரிந்திருக்கும், அதனால் ஒரே ஒரு விவரம் மட்டும். கறுப்பினப் பெரும்பான்மை நகரம். தேர்ந்தெடுக்கப்பட்ட நகர மன்றத்தை ஓரம் கட்டிவிட்டு, ஆளுநர் நியமித்த நிர்வாகி ஆண்டுகொண்டிருந்தார். செலவைக் குறைக்க 2014 ஏப்ரலில் குடிநீரை ஃபிளின்ட் ஆற்றுக்கு மாற்றினார்கள். குழாய் அரிக்காமல் இருக்கச் சேர்க்க வேண்டிய ரசாயனத்தைச் சேர்க்கவில்லை. ஈயக் குழாய்கள் கரைந்தன. அந்த அக்டோபரில் ஜெனரல் மோட்டார்ஸ் தொழிற்சாலை, இந்தத் தண்ணீர் என்ஜின் பாகங்களை அரிக்கிறது என்று புகார் செய்தது, உடனே வேறு தண்ணீருக்கு மாற அனுமதி கிடைத்தது. மக்களும் புகார் செய்தார்கள். அவர்களுக்குத் தண்ணீர் மாறியது 2015 அக்டோபரில், ஒரு வருஷம் கழித்து. மிச்சிகன் மாநிலக் குடிமை உரிமை ஆணையமே 2017இல், அமைப்பு ரீதியான நிறவெறிக்கு இதில் பங்கு உண்டு என்று எழுதியது.

செய்தியில் வருவதற்கும் இதே விதிதான். 1979 மார்ச்சில் பென்சில்வேனியாவில் த்ரீ மைல் தீவு அணு உலை விபத்து. உலகத்துக்கே தெரியும். அதே வருஷம் ஜூலை 16 அன்று நியூ மெக்சிகோவின் சர்ச் ராக்கில் யுரேனியம் ஆலையின் கழிவுக் குளம் உடைந்து, 1,100 டன் கழிவும் சுமார் 9.4 கோடி கேலன் கதிரியக்கத் தண்ணீரும் ஆற்றில் கலந்தது. வெளியேறிய கதிரியக்கத்தின் அளவில் த்ரீ மைல் தீவைவிடப் பெரியது. ஆடு மேய்க்கும் நவாஹோ பூர்வகுடிகள் அந்த ஆற்றை நம்பி இருந்தவர்கள். எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறோம்?

இந்தியாவோடு ஒரு தொடர்பும் உண்டு. போபாலில் 1984 டிசம்பரில் கசிந்த மெத்தில் ஐசோசயனேட்டை யூனியன் கார்பைடு அமெரிக்காவில் ஓரிடத்தில் தயாரித்து வந்தது: மேற்கு வர்ஜீனியாவில் இன்ஸ்டிடியூட் என்ற ஊர். மிகப் பெரும்பாலும் வெள்ளையர் வாழும் அந்த மாநிலத்தில், கறுப்பினக் கல்லூரி ஒன்றைச் சுற்றி வளர்ந்த கறுப்பினக் குடியிருப்பு அது. போபாலுக்குப் பிறகு எட்டே மாதத்தில், 1985 ஆகஸ்டில், அங்கேயும் வேறொரு ரசாயனம் கசிந்து நூற்றுக்கு மேற்பட்டவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். கொடைக்கானல் பாதரசத் தெர்மாமீட்டர் ஆலையும் நியூயார்க் மாநிலத்தின் வாட்டர்டவுனில் இருந்து 1980களில் பெட்டி கட்டி அனுப்பப்பட்டதுதான். குறைந்த எதிர்ப்பு உள்ள இடத்தைத் தேடும் வழி கடலைத் தாண்டியும் போகும்.

சரி, இப்போது கேள்வியின் மறுபாதி. சுற்றுச்சூழல் அமைப்புகள் ஏன் இதைப் பேசுகின்றன? உண்மையைச் சொன்னால், ரொம்ப காலம் பேசவே இல்லை. இப்போது பேசுவதில் பாதி கடன் அடைப்பு.

அமெரிக்க இயற்கைப் பாதுகாப்பின் பிறப்பிலேயே ஒரு கறை இருக்கிறது. யோசெமிட்டி பள்ளத்தாக்கைத் தேசியப் பூங்காவாகப் பார்த்து மெய்மறக்கிறோம். 1851இல் ஆயுதப் படையை அனுப்பி அங்கிருந்த அவாநீச்சி பூர்வகுடிகளை விரட்டிய பிறகுதான் அது 'மனிதக் கை படாத' இடமானது. பெரிய செம்மரங்களைக் காக்க 1918இல் சங்கம் அமைத்தவர்களில் ஒருவரான மேடிசன் கிராண்ட், வெள்ளையின மேன்மையைப் பேசி 1916இல் ஒரு புத்தகமே எழுதியவர். அவர் முன்னின்று உருவாக்கிய நியூயார்க் பிராங்ஸ் விலங்குக் காட்சியகத்தில் 1906இல் ஓட்டா பெங்கா என்ற காங்கோ நாட்டு மனிதரைக் குரங்குக் கூண்டில் வைத்துக் காட்டினார்கள். மரத்தின் மேல் அன்பும் மனிதர் மேல் வெறுப்பும் ஒரே நெஞ்சில் சௌகரியமாகக் குடியிருந்திருக்கின்றன.

1990இல் தென்மேற்கு மாநிலங்களின் அடித்தட்டு அமைப்பு ஒன்று, நாட்டின் பத்துப் பெரிய சுற்றுச்சூழல் அமைப்புகளுக்கு ஒரு கடிதம் எழுதியது. உங்கள் அலுவலகங்களிலும் நிர்வாகக் குழுக்களிலும் எங்கள் ஆட்கள் எத்தனை பேர்? எங்கள் ஊரை விஷமாக்கும் கம்பெனிகளிடம் ஏன் நன்கொடை வாங்குகிறீர்கள்? எங்களைக் கேட்காமல் எங்கள் நிலத்தைப் பற்றி ஏன் முடிவெடுக்கிறீர்கள்? நூற்றுக்கு மேற்பட்டவர்கள் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அடுத்த வருஷம் அக்டோபரில் வாஷிங்டனில் வெள்ளையர் அல்லாத மக்களின் சுற்றுச்சூழல் மாநாடு கூடி 17 கொள்கைகளை வகுத்தது. அங்கே டேனா ஆல்ஸ்டன் சொன்ன விளக்கம்தான் இன்றும் நிற்கிறது: சூழல் என்றால் நாங்கள் வாழும் இடம், வேலை செய்யும் இடம், விளையாடும் இடம். நாட்டின் பழைய இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான சியரா கிளப், தன் நிறுவனர் ஜான் மியூர் கறுப்பின மக்களையும் பூர்வகுடிகளையும் இழிவாகப் பேசியதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டு எழுதியது 2020இல். கடிதத்துக்கும் அதற்கும் 30 வருஷம்.

எனக்கு இதில் ஒரு சின்னச் சந்தேகமும் உண்டு. நிறுவனரைப் பற்றி அறிக்கை விடுவது சுலபம், காசு செலவில்லை. ரிசர்வ் ஊரில் காற்றை அளக்கும் கருவி வாங்கிக் கொடுப்பதும் வழக்குக்கு வக்கீல் பிடித்துத் தருவதும்தான் அங்கே இருப்பவர்களுக்குப் பயன்.

வழக்கு என்றதும் நினைவுக்கு வருவது ஹூஸ்டன். வாரன் கவுன்டிக்கு மூன்று வருஷம் முன்பே, 1979இல், லிண்டா மெக்கீவர் புல்லார்ட் என்ற வக்கீல் அங்கே ஒரு குப்பைக் கிடங்கை எதிர்த்து வழக்குப் போட்டார். கிடங்கு வரவிருந்தது சொந்த வீடு வாங்கிக் குடியேறிய நடுத்தரக் கறுப்பினக் குடும்பங்களின் பகுதியில், ஏசி கூட இல்லாத ஒரு பள்ளிக்கூடத்துக்கு அருகில். அவருடைய கணவர் ராபர்ட் புல்லார்ட் சமூகவியல் பேராசிரியர். மனைவி கேட்டுக்கொண்டதால் மாணவர்களை வைத்து நகரத்தின் குப்பைக் கணக்கை எடுத்தார். நகராட்சியின் ஐந்து கிடங்குகளும் கறுப்பினப் பகுதிகளில். எட்டு எரி உலைகளில் ஆறு கறுப்பினப் பகுதிகளில். நகரத்தில் கறுப்பினத்தவர் கால்வாசிப் பேர்தான். சூழல் நீதித் துறையின் தந்தை என்று புல்லார்டை இன்று சொல்கிறார்கள், தொடங்கியது வீட்டில் மனைவி கொடுத்த வேலையில்.

வழக்கு தோற்றது. தீர்ப்பளித்த காப்ரியெல் மெக்டொனால்ட் கறுப்பினப் பெண் நீதிபதி, பின்னாளில் யூகோஸ்லாவியப் போர்க்குற்ற நீதிமன்றத்துக்குத் தலைமை வகித்தவர். அனுமதி கொடுக்கும் அதிகாரி நானாக இருந்தால் மறுத்திருக்கலாம் என்ற பொருளில் எழுதிவிட்டு, வேண்டுமென்றே நிறம் பார்த்துச் செய்தார்கள் என்று நிரூபிக்கவில்லையே என்று தடையை மறுத்தார். சட்டத்தின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. விளைவைக் காட்டினால் போதாது, நோக்கத்தைக் காட்ட வேண்டும். 'கறுப்பினத்தவர் தெரு என்பதால் தேர்ந்தெடுத்தோம்' என்று எந்த அதிகாரி கோப்பில் எழுதி வைப்பார்?

நியூ ஜெர்சியின் கேம்டன் நகரத்தில் ஒரு தடவை முடிச்சு அவிழ்ந்தது. ஏற்கெனவே கழிவுநீர் நிலையமும் எரி உலையும் இருந்த பகுதியில் சிமென்ட் ஆலை வந்தது. குடியிருந்தவர்களில் 90 சதவீதத்துக்கு மேல் வெள்ளையர் அல்லாதவர்கள். 1964 குடிமை உரிமைச் சட்டத்தின் கீழ் விளைவையே ஆதாரமாக எடுத்துக்கொண்டு, 2001 ஏப்ரல் 19 அன்று நீதிபதி ஆலையை நிறுத்தினார். ஐந்தே நாளில், ஏப்ரல் 24 அன்று, வேறொரு வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தக் கதவைச் சாத்தியது: விளைவை மட்டும் காட்டித் தனிமனிதர்கள் அப்படி வழக்குப் போட முடியாது. ஆலை ஓடியது. நியூ ஜெர்சி மாநிலம், ஏற்கெனவே மாசு குவிந்த பகுதிகளில் புது ஆலைக்கு அனுமதி மறுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் போட்டது 2020இல்தான். மத்திய அரசில் கிளின்டன் 1994இல் போட்ட சூழல் நீதி ஆணை முப்பது வருஷம் இருந்தது. 2025 ஜனவரியில் டிரம்ப் பதவியேற்ற மறுநாளே அதை ரத்து செய்தார்.

வாரன் கவுன்டி கடைசியில் என்ன ஆனது என்று சொல்லாமல் விட்டால் கதை பாதியில் நிற்கும். ஊர்வலம் போன கையோடு வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கும் வேலையும் நடந்தது. அதே 1982 நவம்பர் தேர்தலில் கவுன்டி நிர்வாகக் குழுவில் கறுப்பினத்தவர் பெரும்பான்மை ஆனார்கள். குழுவின் தலைவரான ஈவா கிளேட்டன், பத்து வருஷத்தில் வட கரோலினாவில் இருந்து நாடாளுமன்றத்துக்குப் போன முதல் கறுப்பினப் பெண் ஆனார். தொழில்நுட்பம் வந்ததும் கிடங்கைச் சுத்தம் செய்து தருகிறேன் என்று 1982இல் வாக்குக் கொடுத்திருந்தார் ஆளுநர் ஜிம் ஹன்ட். 1993இல் கிடங்குக்குள் லட்சக்கணக்கான கேலன் தண்ணீர் தேங்கிவிட்டது என்று தெரிந்தபோது, இடையில் பதவி போய் மறுபடியும் ஜெயித்து வந்து ஆளுநர் நாற்காலியில் இருந்தவரும் அதே ஜிம் ஹன்ட். ஊர்க்காரர்கள் பழைய வாக்கை எடுத்து மேஜையில் வைத்தார்கள். அரசு அதிகாரிகளோடு ஊர் மக்களும் உட்கார்ந்த கூட்டுக் குழு அமைந்தது. அரசின் விஞ்ஞானிகளை மட்டும் நம்ப முடியாது என்று, தங்களுக்கான விஞ்ஞானிகளை அவர்களே தேர்ந்தெடுத்தார்கள், சம்பளம் அரசு கொடுத்தது. மண்ணைத் தோண்டி, அங்கேயே உலையில் சூடாக்கி, விஷத்தைப் பிரித்தெடுக்கும் முறை முடிவானது. சுமார் 1.8 கோடி டாலர் செலவில் 2003 வாக்கில் வேலை முடிந்தது. வறுத்த மண்ணைத் திரும்ப அதே குழியில் கொட்டி மூடினார்கள்.